ஈக்வலைசர்: பாட்டுக்கு ஏற்றபடியா, இயர்போனுக்கு ஏற்றபடியா?

போனில் ஈக்வலைசரை, அதாவது ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் அமைப்பைத் திறந்தால் ராக், பாப், ஜாஸ், கிளாசிக்கல், டான்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். கர்நாடக சங்கீதம் என்றோ கானா என்றோ அதில் எதுவும் இருக்காது. நாதஸ்வரத்துக்கும் பறைக்கும் பழைய சினிமாப் பாட்டுக்கும் அங்கே இடமில்லை. ஆனால் மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருக்கும் ஒரு தமிழரின் போனை வாங்கிப் பார்த்தால் இவை எல்லாம் கலந்துதான் கிடக்கும். நடுநடுவே இந்திப் பாட்டும் மராத்திப் பாட்டும் இருக்கும். அப்படியானால் எதை வைத்து செட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது?

கேட்பவருக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. ஈக்வலைசரைத் தொடாமலே விட்டுவிடலாம். போனோ செயலியோ தரும் ரெடிமேட் செட்டிங் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஒலிப்பகுதிக்கும் இருக்கும் பட்டைகளைக் கையால் ஏற்றி இறக்கி நாமே அமைக்கலாம். அல்லது, நம் ஹெட்போனுக்கு இருக்கும் குறையை ஒரே தடவை சரிசெய்துவிட்டு, பாட்டு வகைக்காகத் துளி மட்டும் மாற்றலாம். இதெல்லாம் வேண்டாம் என்று வேறு ஹெட்போன் வாங்கிவிடுவதும் ஒரு வழிதான்.

கடைசிக்கு முந்தையதுதான் என் தேர்வு. ஒரு பாட்டைப் பதிவு செய்தவர்கள், அதில் குரல் எவ்வளவு, தாளம் எவ்வளவு என்பதை ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கெட்டுப்போவது பெரும்பாலும் நம் பக்கத்தில்தான். இயர்போன் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும், இன்னொன்றை அமுக்கும். ரயில் பாதியை விழுங்கும், அறை மீதியைக் குழப்பும். எனவே முதலில் சரிசெய்ய வேண்டியது இவற்றைத்தான். அது முடிந்தபின் பாட்டு வகைக்கென்று மாற்ற வேண்டியது, சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில், ரெண்டு மூணைத் தாண்டுவது அபூர்வம். ஆனாலும் எல்லோருக்கும் இந்த வழியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். மற்ற வழிகளும் சில இடங்களில் ஜெயிக்கின்றன.

எந்த ஒலி எங்கே இருக்கிறது

ஹெர்ட்ஸ் என்பது ஒலி ஒரு வினாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்ற கணக்கு. மனிதக் காதுக்குக் கேட்பது சுமார் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த முழு நீளத்துக்கும் ஐந்தே பட்டைகள்தான்: 60, 230, 910, 3,600, 14,000. பத்துப் பட்டை ஈக்வலைசரில் 31-இல் தொடங்கி ஒவ்வொன்றும் இரட்டிப்பாகி 16,000-இல் முடியும். ஸ்பாட்டிஃபையில் ஆறு. ஐபோனின் மியூசிக் செயலிக்கான அமைப்பில் பட்டையே கிடையாது, பெயர்கள் மட்டும்தான்.

ஐந்து பட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 230 என்று எழுதியிருக்கும் பட்டையை நகர்த்தினால் 230 மட்டும் மாறாது. கீழே 100-ஐ ஒட்டியும் மேலே 500-ஐ ஒட்டியும் எல்லாம் சேர்ந்து நகரும். அந்த இடத்தில்தான் நம் சங்கீதத்தின் பெரும்பகுதி இருக்கிறது. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம், அதாவது 'ச', சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196. தம்புராவும் அங்கேதான், மிருதங்கத்தின் நாதமும் அங்கேதான். ஒரு பட்டையைத் தொட்டால் மூவரையும் தொட்டதாகிவிடும்.

மிருதங்கத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணத் தோல் கருவியில் அடி ஸ்வரத்தோடு கூடவே எழும் மேல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சுருதி சேராது. மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத்தில்) இருக்கும் கரணை என்ற கருப்பு வட்டம் அவற்றைச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லும் பிறகு விரிவாக 1934-லும் எழுதினார். அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. ஈக்வலைசரில் ஒரு பட்டையை மட்டும் பத்து டெசிபல் தூக்கினால் அந்த மேல் ஸ்வரங்களுக்குள் இருக்கும் விகிதம் கலைகிறது. சாப்பு என்ற அடி விழும்போது கேட்கும் அந்தக் கணீர் போய், வெறும் தட்டலாகக் கேட்கும். நல்ல வித்வான் மேடையில் அவ்வளவு நேரம் செலவழித்துச் சுருதி சேர்த்ததை நாம் விரலால் ஒரு தள்ளு தள்ளிக் கெடுத்துவிடுகிறோம்.

வார்த்தை புரிவது வேறு இடத்தில். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் இடைப்பட்ட ஒலிகளைக் கொண்டு. ஸ-வின் சீறல் பெரும்பாலும் 5,000-க்கு மேல். காதுக்குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி இயற்கையாக எதிரொலிப்பதால், 2,000-லிருந்து 5,000 வரை நம் காது ரொம்பக் கூர்மை. இங்கே ஒரு டெசிபல் ஏற்றினாலே தெரியும். நாலு ஏற்றினால் அரை மணி நேரத்தில் காது அலுத்துவிடும்.

தொடாமல் விடுவது

நல்ல ஹெட்போன், அமைதியான அறை, ஸ்டூடியோவில் ஒழுங்காகப் பதிவான பாட்டு. மூன்றும் இருந்தால் 'நார்மல்' அல்லது 'ஃப்ளாட்' போதும். புதிய சினிமாப் பாட்டுகள் ஏற்கெனவே சத்தமாக, பாஸ் (கீழ் ஒலி) நிறைந்து வருவதால் அவற்றுக்கு மேலும் ஏற்றத் தேவையே இல்லை. ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து அமைவது மும்பையில் எத்தனை பேருக்கு? இங்கே பலரும் பாட்டுக் கேட்பது லோக்கல் ரயிலில்.

ரெடிமேட் பெயர்கள்

இதன் பெரிய வசதி, ஒரு தட்டில் முடிந்துவிடும். பிரச்சினை அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வடிவம். 'ராக்' என்பதைப் போட்டால் பெரும்பாலான போன்களில் இரு ஓரமும் ஏறி நடுப்பகுதி இறங்கும். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் நிறைந்த பாட்டுக்கு அது ஒரு உற்சாகம் தருவது உண்மைதான். 'கிளாசிக்கல்' என்ற பெயரைப் பார்த்ததும் கர்நாடக சங்கீதத்துக்குச் சரியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தப் பெயரில் இருப்பது மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவை மனதில் வைத்த வடிவம். பல போன்களில் அதுவும் கீழேயும் மேலேயும் ஏற்றி, 910-ஐ ஒட்டிய நடுப்பகுதியை இறக்குகிறது. ஒரு கச்சேரியில் அந்த நடுப்பகுதியில் என்ன இருக்கிறது? பாடகரின் குரல், வயலின், கமகத்தின் வளைவு. சங்கீதத்தையே பின்னுக்குத் தள்ளிவிட்டு மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியையும் அரங்கத்தின் இரைச்சலையும் முன்னுக்குக் கொண்டுவருகிறது அந்த செட்டிங்.

ரெடிமேட் செட்டிங் போட்டதும் "ஆகா, நன்றாக இருக்கிறதே" என்று தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. சத்தம் கூடுகிறது. ஒரே பாட்டைச் சற்றே உரக்க வைத்தால் அது மேலான ஒலியாகத் தோன்றும் என்பது காதின் பழக்கம். 1933-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்ஸனும் அளந்து காட்டியதும் இதை ஒட்டியதுதான்: சத்தம் குறைவாக இருக்கும்போது கீழ் ஒலிகளும் மிக மேல் ஒலிகளும் காதுக்குக் கம்மியாகவே எட்டும், சத்தம் கூடக்கூட அவையும் எழுந்து வரும். எனவே இரண்டு செட்டிங்கை ஒப்பிடும்போது, ஏற்றிய செட்டிங்குக்கு வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, இரண்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி வைத்துப் பாருங்கள். அப்படி ஒப்பிட்டபின்னும் பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

இரண்டு பெயர்களை மட்டும் நான் விலக்க மாட்டேன். ஐபோனில் 'ஸ்போக்கன் வேர்ட்' என்று ஒன்று இருக்கிறது. பட்டிமன்றம், உபன்யாசம், செய்தி கேட்பவர்களுக்கு நல்லது. 'லேட் நைட்' என்பது, பக்கத்து அறையில் ஆள் தூங்கும் வீட்டில் உதவும். ஆனால் ஐபோனின் இந்த அமைப்பு அதன் மியூசிக் செயலிக்கு மட்டுமே. நம்மில் பலர் கச்சேரி கேட்பது யூடியூபில். அங்கே இது எட்டாது.

கையால் அமைப்பது

மாட்டுங்காவில் இருக்கும் என் பெரியப்பா யூடியூபில் பழைய கச்சேரிகளை விடாமல் கேட்பவர். "டேய், பாடறவர் போர்வைக்குள்ளேர்ந்து பாடறாப்ல இருக்கு, சாகித்யம் ஒண்ணும் பிடிபடலை" என்றார். அதற்கு அவர் செய்து வைத்திருந்த வைத்தியம், 3,600-ஐயும் 14,000-ஐயும் உச்சிக்கு ஏற்றியது. வார்த்தை கொஞ்சம் தெளிந்தது, ஆனால் வயலின் கீறியது, டேப்பின் இரைச்சல் மழையாகக் கொட்டியது. எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, 230-ஐ மட்டும் மூணு டெசிபல் இறக்கினேன். பெரியப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இப்ப வார்த்தை வெளியில வரது" என்றார். பிறகு 3,600-ஐ ஒரே ஒரு டெசிபல் ஏற்றினோம். அவ்வளவுதான்.

கையால் அமைப்பதில் முதலில் பழக வேண்டியது இந்த இறக்கும் பழக்கம். குரல் கேட்கவில்லை என்றால் குரலை ஏற்றத் தோன்றும். குரலை மறைத்துக்கொண்டிருப்பது எது என்று தேடி அதை இறக்கினால், ஒலி சுத்தமாகும், வால்யூமும் மிஞ்சும். அரங்கில் உட்கார்ந்து போனில் பதிவு செய்த கச்சேரிகளில் இந்த மறைப்பு 200-லிருந்து 400 வரை குவிந்திருக்கும். கூடத்தின் எதிரொலி சேருமிடம் அது.

பழைய சினிமாப் பாட்டுக்கு வேறு வழி. இசைத்தட்டிலிருந்தும் தேய்ந்த டேப்பிலிருந்தும் எடுத்த பதிவுகளில் 8,000-க்கு மேல் பாட்டு என்று சொல்லும்படி அதிகம் இருக்காது, இரைச்சல்தான் இருக்கும். மீடியம் வேவ் ரேடியோவிலிருந்து பிடித்தது என்றால் இன்னும் மோசம். அங்கே ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 9,000 ஹெர்ட்ஸ்தான், அதில் பாதி அளவுக்கு மேல் ஒலி வந்து சேராது. ஆக, 14,000-ஐ நாலைந்து டெசிபல் இறக்கினால் இழப்பு எதுவும் இல்லை, காதுக்கு நிம்மதி. கீழே 60-ஐயும் இறக்கிப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால், பழைய டேப்பிலிருந்து மாற்றிய பதிவுகளில் அந்த ஹம் ஒலி அடியில் உறுமிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இறக்கியபின் நடுவில் இருக்கும் குரல் தானாகவே முன்னால் வந்து நிற்கும். நடுப்பட்டையைத் தொடாதீர்கள்.

நாதஸ்வரத்துக்கு 3,600-ஐ ரெண்டு மூணு டெசிபல் இறக்குவது என் வழக்கம். திறந்த வெளியில், கோயில் பிரகாரத்தில், தெருவில் ஒலிப்பதற்கென்றே பிறந்த கருவியை இயர்போன் வழியே காதுக்குள் நேராக ஊதினால், காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில் போய்க் குத்துகிறது. பறைக்கு எதையுமே மாற்றாமல் இருப்பது நல்லது. பறை என்றதும் பாஸ் என்று நினைத்து 60-ஐ ஏற்றுகிறார்கள். பறையின் உயிர், குச்சி சூடேற்றிய தோலில் விழும் அந்த அறைதலில் இருக்கிறது. அது மேல் நடுப்பகுதி. 60-ஐ ஏற்றினால் பறை மந்தமாகிறது.

பாஸ் உண்மையிலேயே வேண்டிய இடம் ஹிப்ஹாப். என்னுடன் வேலை பார்க்கும் திருநெல்வேலித் தம்பிக்கு வீடு தாராவியில், 90 அடி ரோட்டுக்குப் பக்கம். ராப் கேட்பதோடு எழுதவும் செய்பவன். "அண்ணே, பாஸை ஃபுல்லா வச்சாலும் அடி விழ மாட்டேங்குது, பொத்துனாப்ல கேக்குது" என்றான். ராப் பாட்டில் உருளும் அந்த அடி, 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட 808 டிரம் மெஷினின் வாரிசு. அதன் அடித்தளம் சுமார் 50 ஹெர்ட்ஸ். அவன் இயர்பட்ஸோ 100-லிருந்து 300 வரை வீங்கிய ரகம். 60-ஐ ஏற்றும்போதே அந்த வீக்கமும் சேர்ந்து ஏறியது, காதைப் பொத்தினாற்போன்ற சத்தம் வந்தது. 60-ஐ ரெண்டு டெசிபலில் நிறுத்தி, 230-ஐ நாலு டெசிபல் இறக்கியதும் அடி தனியாக விழுந்தது, வார்த்தையும் தனியாக நின்றது.

பெரியப்பாவுக்கும் இவனுக்கும் கேட்கும் சங்கீதம் முற்றிலும் வேறு. ஆனாலும் இருவருக்கும் இறக்கியது ஒரே பட்டை. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இங்கே கடைகளில் அதிகம் விற்கும் விலை குறைந்த இயர்பட்ஸ் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் வீங்கியிருக்கின்றன. குறை பாட்டில் இல்லை, கருவியில்.

ஹெட்போனைத் திருத்துவது

அதனால்தான் கருவியை முதலில் திருத்தும் வழியை மேலே வைக்கிறேன். ஆயிரக்கணக்கான ஹெட்போன் மாடல்களைப் பலர் அளந்து வைத்ததைக் கொண்டு, எது எங்கே ஏறியிருக்கிறது, எங்கே இறங்கியிருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கு நேர் எதிரான திருத்தத்தை ஆட்டோஈக்யூ என்ற திட்டம் இலவசமாகத் தருகிறது. ஆண்ட்ராய்டில் வேவ்லெட் செயலியில் உங்கள் மாடலின் பெயரைத் தேடினால் அந்தத் திருத்தம் அப்படியே வந்து உட்காரும். விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ. இதில் எந்த இடம், எவ்வளவு, எத்தனை அகலம் என்று மூன்றையும் தனித்தனியே சொல்ல முடியும். இந்த வகைக்குப் பாராமெட்ரிக் என்று பெயர். ஒலிப்பொறியாளர் ஜார்ஜ் மாஸன்பர்க் 1972-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 230 பட்டையைத் தொட்டு மூவரைத் தொடும் தொல்லை இங்கே இல்லை.

நிறை என்னவென்றால், ஒருமுறை போட்டால் கச்சேரிக்கும் கானாவுக்கும் ராப்புக்கும் அதுவே அடித்தளம். குறைகளும் உண்டு. உங்கள் மாடல் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் தெரியாத இயர்பட்ஸுக்கு அது கிடைக்காது. எல்லாச் செயலிகளிலும் எடுபடும் என்று சொல்ல முடியாது, யூடியூபில் சிக்கல் வரலாம். திருத்தம் பலமாக இருந்தால் மொத்தச் சத்தம் குறைந்துவிடும். இந்தக் கடைசியைக் குறையாக நினைக்கக் கூடாது, அது தேவையானது. டிஜிட்டல் ஒலிக்கு ஒரு உச்சி உண்டு, அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். புதிய பாட்டுகள் ஏற்கெனவே அந்த உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. எனவே எங்காவது ஆறு டெசிபல் ஏற்றினால், மொத்தச் சத்தத்தை மாற்றும் 'ப்ரீஆம்ப்' என்று இருக்கும் இடத்தில் ஆறு டெசிபல் இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் "ஈக்வலைசர் போட்டால் ஒலி உடைகிறது" என்று வெறுத்துப்போனவர்கள் நிறையப் பேர்.

யூடியூபிலேயே வாழ்பவர்களுக்கு இன்னொரு நல்ல இடம், இயர்பட்ஸ் நிறுவனத்தின் சொந்தச் செயலி. அதில் அமைக்கும் ஈக்வலைசர் பெரும்பாலும் இயர்பட்ஸுக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தச் செயலியில் பாட்டு ஓடினாலும், போனை மாற்றினாலும் அது கூடவே வரும். சோனியின் செயலியில் பல மாடல்களுக்கு 400-லிருந்து 16,000 வரை ஐந்து பட்டைகளும், பாஸுக்குத் தனியாக ஒன்றும் இருக்கின்றன. பட்டைகள் குறைவுதான், ஆனால் எங்கும் வேலை செய்கிறது என்பதற்காக நான் இதைப் பலருக்கும் முதலில் சொல்கிறேன். ஐபோனும் ஏர்பாட்ஸும் வைத்திருக்கும் வயதானவர்களுக்கு, அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கும் ஹெட்போன் அக்காமடேஷன்ஸ் இன்னும் பொருத்தம். குரலைத் தெளிவாக்கும் அமைப்பு அதில் உண்டு. காது மருத்துவரிடம் எடுத்த ஆடியோகிராம் இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளும்.

ரயிலும் பத்துக்குப் பத்து அறையும்

செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) போகும் ஹார்பர் லைன் ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு எந்த செட்டிங் போட்டாலும் ஒரு பயனும் இல்லை என்று சொல்வேன். சக்கரமும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அது பாட்டின் பாஸை மூடிவிடுகிறது. உடனே பாஸை ஏற்றுகிறோம், பிறகு குரல் மறைகிறது என்று வால்யூமை ஏற்றுகிறோம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். மூணு டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. தினமும் ரெண்டு மணி நேரம் லோக்கலில் பாட்டுக் கேட்பவருக்கு இது விளையாட்டான விஷயம் இல்லை.

ரயிலுக்கு ஈக்வலைசரைவிட இயர்போனின் ரப்பர் முனைதான் முக்கியம். பெட்டியில் மூணு அளவு கொடுப்பார்கள். பெரும்பாலோர் நடுவில் இருப்பதை மாட்டிக்கொண்டு மற்ற இரண்டையும் தொலைத்துவிடுகிறார்கள். முனைக்கும் காதுக்கும் இடையே துளி இடைவெளி இருந்தாலும் பாஸ் வெளியே ஒழுகிவிடும். எத்தனை டெசிபல் ஏற்றினாலும் திரும்பாது. இடது காதுக்கு ஒரு அளவும் வலது காதுக்கு வேறு அளவும் பொருந்துவது சகஜம், தனித்தனியே பாருங்கள். இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி வசதி வேலை செய்வதும் கீழ்ப்பகுதியில்தான், அதனால் ரயிலுக்கு அது நன்றாகவே உதவும். இவ்வளவும் செய்தபின் ரயிலுக்கென்று தனி செட்டிங் வேண்டுமானால், 60-ஐ ரெண்டு டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள், போதும். தண்டவாளத்தைக் கடக்கும்போதும் பிளாட்பாரத்திலும் இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் ஸ்பீக்கர் என்றால் கதை வேறு. மும்பையில் பத்தடிக்குப் பத்தடி அறை சாதாரணம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்தடி தூரம் இருந்தால், 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தி நின்று பெருகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்தப் பெருக்கம் இரண்டு மடங்கு உறைக்கும். 808 அடியும் சினிமாப் பாட்டின் கிக் டிரம்மும் அதன் அருகில்தான். "இந்த ஸ்பீக்கர் சும்மா பூம் பூம்னு கத்துது" என்பார்கள், கத்துவது அறை. ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்துச் சுவரைவிட்டு ஒன்றிரண்டு அடி தள்ளி வையுங்கள். நீங்கள் உட்காருமிடத்தையும் சுவரிலிருந்து முன்னால் கொண்டுவாருங்கள். மிச்சம் இருப்பதைப் பாராமெட்ரிக் ஈக்வலைசரில் 57-ஐ ஒட்டி ஒடுக்கமாக நாலைந்து டெசிபல் இறக்கிச் சமாளிக்கலாம். பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிப் போவதும் இந்தக் கீழ் ஒலிதான். இறக்கினால் அவர்களுக்கும் நல்லது.

சிறிய புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் 60-ஐ ஏற்றாதீர்கள். மூணு டெசிபல் ஏற்றம் என்றால் அந்த இடத்தில் மின்சக்தி இரு மடங்கு, ஆறு என்றால் நாலு மடங்கு. ரெண்டங்குல ஸ்பீக்கரால் 50 ஹெர்ட்ஸை ஒலிக்க முடியாது, வீணாகத் திணறும். 100-லிருந்து 200 வரை லேசாக ஏற்றினால் போதும். மேல் ஸ்வரங்களைக் கேட்டே அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும் திறமை நம் காதுக்கு உண்டு.

புதிது வாங்குவதா?

ஈக்வலைசரால் முடியாத காரியங்கள் இருக்கின்றன. கரகரப்பைப் போக்காது, தவிலும் நாதஸ்வரமும் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டு கேட்பதைப் பிரித்துக் கொடுக்காது, இல்லாத ஒலியை உண்டாக்காது. 230-ஐ ஆறு டெசிபல் இறக்கியும் குரல் வெளியே வரவில்லை என்றால், அந்த ஹெட்போனோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிடலாம். ஒயர் உள்ள இயர்போன் மாட்டத் தயாராக இருந்தால் ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கே இப்போது நல்லவை வருகின்றன. அதே விலை புளூடூத் இயர்பட்ஸைவிட அவை ஒலியில் மேல் என்பது என் கணிப்பு. கர்நாடக சங்கீதம்தான் முக்கியம் என்றால் இந்தப் பணத்தை யோசிக்காமல் செலவழிக்கலாம். முக்கால்வாசி நேரம் ரயிலில் சினிமாப் பாட்டு என்றால், ஏஎன்சி உள்ள இயர்பட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டிலோ வேறு கடையிலோ வாங்கப் போகும்போது உங்கள் போனையே கொண்டுபோங்கள். அதில் ஈக்வலைசர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் போட்டுக் காட்டும் பாட்டு, பாஸ் பிரமாதமாகக் கேட்பதற்கென்றே தேர்ந்தெடுத்தது. அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வரிக்கு வரி மனப்பாடமான ஒரு பாட்டும், தம்புரா தெளிவாகக் கேட்கும் ஒரு கச்சேரித் துண்டும் போதும். செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலோ சண்முகானந்தா அரங்கிலோ முன்வரிசையில் உட்கார்ந்து தம்புராவைக் கேட்டவர்களுக்கு, அந்த ரீங்காரம் எப்படி இருக்க வேண்டும் என்பது காதிலேயே இருக்கும். வால்யூமைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக் கேளுங்கள். பல்லவி முழுக்க வார்த்தை புரிகிறதா, தம்புரா நிற்காமல் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.